ஏழுமலையின் சி டிரைவ்

சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. திரையை உற்றுப் பார்க்கும் வேலை இனி வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையிலிருந்து நின்றுகொண்டேன். சர்வீஸ்காரர்கள் சேர்ந்து போடும் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கடையில் இருப்பவர்கள் கேட்டார்கள். பேசச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். எழுதும்போது எதிரில் ஆள் இல்லை, அதனால் ஒப்புக்கொண்டேன்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டதும் கரீம் பாய் கடைக்கு, மெஷின்களைப் பிரித்துத் தூசி ஊதும் வேலைக்கு வந்தேன். ஊதிக்கொண்டே பார்த்தேன், பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டேன். அதில் சொல்ல அதிகம் இல்லை.

இப்போது வரும் மெஷின்களில் இடம் குறைந்தால் தானாகவே காலி செய்துகொள்ளும் வசதி இருக்கிறது. நெடுநாள் யாரும் திறக்காத ஃபைலை அதுவே எடுத்துவிடும். நல்ல வசதிதான். ஆனால் மலைமேல் ஒரே ஒரு மெஷினில் அதை நான் அணைத்து வைத்திருக்கிறேன். ஏன் என்பது இனி அங்கே போகப்போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை எழுதுவது முக்கியமாக அவருக்காக.

நம் பக்கத்தில் ஹார்ட் டிஸ்க்கைப் பங்கு பிரிப்பது ஒரு பழக்கம். மெஷின் ஓடுவதற்குத் தேவையானவை மட்டும் இருக்கட்டும் என்று சி டிரைவுக்குச் சின்னத் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, மீதி முழுவதையும் டி என்று ஒதுக்கிவிடுவோம். வாங்கிப் போகிறவர்கள் டி பக்கமே போகமாட்டார்கள். படம், பாட்டு, பத்திரம் எல்லாவற்றையும் கண்ணெதிரே இருக்கட்டும் என்று டெஸ்க்டாப்பில் போடுவார்கள். டெஸ்க்டாப் இருப்பது சி-யில். ஆறே மாதத்தில் சி நிரம்பி, அதன் இடத்தைக் காட்டும் நீலக் கோடு சிவந்துபோகும். பக்கத்திலேயே டி வெறிச்சென்று கிடக்கும். என் வேலையில் பாதி நாள் இந்தச் சிவப்பை நீலமாக்குவதிலேயே போனது.

கரீம் பாய் என்னைவிட வயதில் சின்னவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். எந்நேரமும் வாயில் ஓர் ஏலக்காய் இருக்கும். எதையாவது அழிக்க வேண்டியிருந்தால் மானிட்டரைத் தூக்கி கஸ்டமர் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். மவுஸ் நம் கையில் இருக்கும். பார்க்கிற கண் அவர்களுடையது. ஃபோல்டரின் பெயரையும் எடையையும் நாம் பார்க்கலாம், உள்ளே இருப்பதைப் பார்க்கக் கூடாது. சொந்தக்காரர் வாயால் சொல்லாமல் ஒரு ஃபைலும் போகக் கூடாது.

சங்கராபுரத்திலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா வந்திருந்தார். "எல்லாம் குப்பை பாய். அடிச்சுத் தள்ளு" என்றார்.

"ஒண்ணொண்ணா பேர் சொல்லுங்க. நீங்க வாயால சொல்லுங்க, நான் கையால அடிக்கறேன்."

"இன்னா பாய், கூண்டுல ஏத்தி வெச்ச மாதிரி கேக்கற?"

"கூண்டுல ஏறினவனுக்கு அப்பீல் இருக்குங்க. இங்க கெடையாது."

குமாஸ்தா சிரித்துக்கொண்டே வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் நின்றுபோனார். "இது எங்கம்மா ஆஸ்பத்திரியில பேசனது. இங்க எப்படி வந்துச்சு?" என்றார். பிறகு, "இது இருக்கட்டும்" என்றார். பாய் ஏலக்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

அந்த முறையை நான் கடைசி வரை விடவில்லை. மலைமேல் ஒரு நாள் அது என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம்தான் வேறு.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோ. ஏழுமலை என்பவர் நடத்தினார். மழைக்காலத்தில் ஒரு நாள், காலண்டருக்கு ஓடையைப் படம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. மேலே எங்கோ பெய்த மழையில் ஓடை திடீரென்று ஏறியிருக்கிறது. வண்டி கரையில் நின்றது, கண்ணாடியில் ஹெல்மெட் மாட்டியிருந்தது. தீயணைப்புக்காரர்கள் தேடினார்கள், ஊரும் தேடியது. ஆள் கிடைக்கவில்லை. மாதங்கள் போன பின், உடல் இல்லாவிட்டாலும் காரியம் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். அதற்கு மாலை போட்ட படம் ஒன்று வேண்டும். ஏழுமலையின் நல்ல படங்கள் எல்லாம் அவருடைய ஸ்டுடியோ மெஷினில்தான் இருந்தன. ஆனால் படம் போடுகிற ப்ரோகிராம் திறக்க மறுத்தது. சி-யில் இடம் இல்லை.

எங்கள் கடையிலிருந்து ஒருவர் போய் வழக்கமான குப்பைகளை எடுத்துக் காலி செய்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே ஏழுமலையின் அண்ணன் கோவிந்தன் போன் செய்தார். பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"மறுபடியும் நெரம்பிடுச்சு பாய்."

"யாருங்க ஒக்காந்து வேலை பாக்கறாங்க அதுல?"

"யாரும் இல்ல. அன்னிக்கு உங்க ஆளு போனதும் பூட்டனது. அப்படியே கெடக்குது."

"பூட்டிக் கெடக்கற மெஷின் எப்படிங்க நெரம்பும்?"

"அத்தத்தான் நானும் கேக்கறேன். நாளைக்கு மறுநாள் காரியம். படம் இல்லாம எப்படிப் பண்றது?"

போனை வைத்த பாய் என்னைப் பார்த்தார். "வைரஸா இருந்தா யார் போனாலும் போதும் அண்ணே. எனக்கென்னமோ நீங்க போனா தேவலைன்னு தோணுது. எழவு வூடு. ஜாஸ்தி பேசாத ஆளு போவட்டும்."

மறுநாள் காலை பஸ் ஏறினேன். கச்சிராப்பாளையம் தாண்டும்வரை வெயில் இருந்தது. மலை ஏற ஏற மூடுபனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இறங்கும்போது தூறல். பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த ஸ்டுடியோவுக்கு ஓடினேன். பஸ்ஸிலிருந்து நான் ஒருவன்தான் இறங்கினேன். தெருவில் ஓர் ஆள்கூட இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன்.

ஏழுமலையின் மனைவி மல்லிகா பூட்டைத் திறந்தார். நெற்றியில் பெரிய பொட்டு வைத்திருந்தார். மறுநாளோடு அது போய்விடும் என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி உள்ளே போனேன். கோவிந்தன் பின்னால் வந்தார்.

பூட்டிய அறைக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. விசிறிச் சத்தம் கேட்டது. இன்டர்நெட் பெட்டியின் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. படிக்கட்டும் தூணும் வரைந்த திரைச்சீலைமேல் அந்த வெளிச்சம் விழுந்து விழுந்து போனது.

"இத யாரு போட்டு வெச்சதும்மா?"

"அவரு போவும்போது ஓடிக்கினு இருந்துச்சுண்ணா. நான் நிறுத்தல. கரண்ட் போயி வந்தா அதுவே ஏறிக்கும்."

சுவர் முழுக்க மாதிரிப் படங்கள். கல்யாண ஜோடி, காதுகுத்துக் குழந்தை, இறந்துபோன பெரியவர்கள். எல்லாவற்றிலும் ஆள் வலது ஓரமாக இருந்தார். இடது பக்கத்தில் பெயரும் தேதியும். நான் பார்ப்பதைக் கவனித்த மல்லிகா, "எத எடுத்தாலும் எடது பக்கம் எடம் வுட்டுத்தான் எடுப்பாரு. பேரு எழுத எடம் வேணுமில்ல, மூஞ்சி மேலயா எழுதறதும்பாரு" என்றார்.

மெஷின் முன் உட்கார்ந்தேன். சி சிவப்பு, விளிம்பு வரை. டி பாதிக்கு மேல் காலி. முதலில் தற்காலிக ஃபைல்களைப் பார்த்தேன், ஏதுமில்லை. ரீசைக்கிள் பின் காலி. பழைய விண்டோஸின் மிச்சமும் இல்லை. எங்கள் ஆள் சுத்தமாகத்தான் செய்துவிட்டுப் போயிருந்தார். வைரஸும் இல்லை. எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டும் சின்ன ப்ரோகிராம் ஒன்றை எப்போதும் பையில் கொண்டுபோவேன். அதைப் போட்டேன். பாதித் திரையை ஒரே பச்சைக் கட்டம் அடைத்துக்கொண்டது. ஏழுமலை தன் போனில் எடுக்கும் படங்கள் ஒயர் இல்லாமல் ஸ்டுடியோவுக்கு வந்து சேர அவரே செய்து வைத்த ஃபோல்டர் அது. போனுக்கு எங்கே சிக்னல் கிடைத்தாலும் படம் இன்டர்நெட்டில் ஏறும், அங்கிருந்து இந்த மெஷினில் இறங்கும்.

அதன் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எண் மாறியது. சற்று நேரத்தில் மறுபடியும் மாறியது.

"என்னங்க சார்?" என்றார் கோவிந்தன்.

"எறங்கிக்கினு இருக்குதுங்க. படம். அவரு போன்லேர்ந்து."

கோவிந்தன் முகம் இறுகியது. "போன் தண்ணியில போச்சு. பழசு எதுனா மாட்டிக்கினு இப்ப வருதா இருக்கும். அதையெல்லாம் அழிச்சுட்டுப் படத்தப் போடுங்க."

"இங்க அழிச்சா இன்டர்நெட்லயும் அழிஞ்சுடும்ங்க. சொந்தக்காரங்க சொல்லணும்."

"சொந்தக்காரன்தான் இல்லியே."

"நான் இருக்கறேன் மாமா" என்றார் மல்லிகா. என்னிடம், "தொறங்கண்ணா" என்றார்.

பாய் செய்வது போல மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன். திரை எனக்குத் தெரியவில்லை. அவர் முகம்தான் தெரிந்தது. படங்களைப் பழசிலிருந்து புதுசாக அடுக்கி, அம்புக்குறிப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டேன். பார்த்ததை அவர் சொல்லட்டும், வேண்டாம் என்றால் அழிப்போம் என்பது முறை.

"ஓடை" என்றார்.

அழுத்தினேன்.

"ஓடை. தண்ணி கலங்கலா இருக்குது." பிறகு, "பாறை." "மரம்." "வேற மரம்." "ஓடை, தண்ணி வத்திடுச்சு."

படங்கள் எல்லாம் பெரிய எடை. ஏழுமலை தன் போனில் தரத்தைக் கடைசி வரை ஏற்றி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் திறக்க நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆளு இருக்குதா எதுலனா?" என்றார் கோவிந்தன். அவர் திரைப்பக்கம் வராமல் வாசலருகிலேயே நின்றார்.

"ஒருத்தரும் இல்ல. சாமைக் கொல்லை. இது நம்ம ஏரிக்கரை வழி மாமா. இது நம்ம கொல்லை."

"பழசு."

"நம்ம வூட்டுப் பின்பக்கம். துணி காயுது." மல்லிகா நிறுத்தினார். நான் பொத்தானை அழுத்தவில்லை. "என் பொடவை, பச்சை. போன வாரம் எங்கம்மா எடுத்தாந்தது. காரியத்துக்கு முன்னாடி ஒரு தரம் கட்டிக்கடின்னு." குரல் மாறாமல்தான் சொன்னார். "இத அவரு பாத்ததே இல்ல மாமா."

கோவிந்தன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரோ போனை எடுத்துக்கினு வெளயாடறான். களவாணிப் பய."

"களவாணிப் பய எதுக்கு மாமா எடது பக்கம் எடம் வுட்டு எடுக்கறான்?"

 நான் அடுத்த படத்துக்குப் போனேன். "கடை. எதுத்தாப்லேர்ந்து. பூட்டியிருக்குது" என்றார் மல்லிகா. அதற்கடுத்தது கடைசிப் படம், நான் உள்ளே வந்த பிறகு இறங்கியது. மல்லிகா திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணா, இதுல நீங்க இருக்கீங்க."

அப்போதுதான் நான் எழுந்து அந்தப் பக்கம் போனேன். அன்றைக்கு மட்டும்தான் ஒரு கஸ்டமரின் படத்தைப் பார்த்தேன். பஸ் புறப்பட்டுக்கொண்டிருக்கிறது. பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நான் தெருவைக் கடக்கிறேன், வலது ஓரத்தில். இடது பக்கம் முழுக்க வெறும் மூடுபனி.

அந்த இடத்தில் என் பெயரை எழுதலாம் என்று தோன்றியது. 

கோவிந்தன் தூறலில் இறங்கி ஓடினார். மல்லிகாவும் ஓடினார். பஸ் நிறுத்தம், டீக்கடை, அதன் பின்னால் சில்வர் ஓக் மரங்கள் வரை போய்த் தேடினார்கள். மலைப்பக்கம் பார்த்து "ஏழுமலை, டேய் ஏழுமலை" என்று கோவிந்தன் கத்துவது எனக்குக் கேட்டது. நான் ஃபோல்டரின் எடை எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அதன்பின் மாறவே இல்லை.

நனைந்து திரும்பினார்கள். டீக்கடைக்காரர் யாரையும் பார்க்கவில்லையாம். கோவிந்தன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "படத்தப் போடுங்க சார். ஊருக்கே சொல்லியாச்சு" என்றார். ஆனால் முன்பிருந்த உறுதி அதில் இல்லை.

"இடம் இல்லிங்க. ரெண்டு வழிதான். இந்தப் படங்களையெல்லாம் எடுக்கணும், டி-க்கு நகத்தினாலும் இன்டர்நெட்ல அழிஞ்சுடும். இல்லாட்டி டி-யில இருக்கறத வேற டிஸ்குல ஏத்திட்டு, டி-யைக் கலைச்சு, அந்த எடத்தச் சி-யோட சேக்கணும். பக்கத்துலயே ஒட்டி இருந்தாத்தான் சேரும், அதுக்காகத்தான் கலைக்கணும்."

"எதுல நேரம் கம்மி?"

"அழிக்கறது ஒரு நொடிங்க. சேக்கறதுக்கு சாயங்காலம் ஆயிடும்."

அவர் மல்லிகாவைப் பார்த்தார். மல்லிகா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேத்துடுங்க" என்றார் கோவிந்தன்.

முதலில் படம் இறங்குவதை நிறுத்தி வைத்தேன். டி-யில் இருந்த ஊர்க் கல்யாணங்களையெல்லாம் என் டிஸ்கில் ஏற்றி, எல்லாம் வந்துவிட்டதா என்று எடை சரிபார்த்தேன். பிறகு டி-யைக் கலைத்தேன். டி இருந்த கட்டம், எதற்கும் ஒதுக்காத இடம் என்று கறுப்பாகிவிடும், உங்களுக்குத் தெரியும்.  பாதியில் கரண்ட் போய் யூபிஎஸ் கத்தியது. நாங்கள் மூவரும் அசையாமல் இருந்தோம். கத்தல் நிற்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. கறுப்பில் பெரும்பங்கைச் சி-யோடு சேர்த்தேன், மிச்சத்தைப் புதிய டி ஆக்கி, கல்யாணங்களைத் திரும்ப இறக்கினேன். சி-யின் கோடு நீலமானது. பாதிக்கு மேல் காலி.

படம் இறங்குவதை மறுபடி ஓட விட்டேன். ஒன்றும் வரவில்லை.

இப்போது ப்ரோகிராம் திறந்தது. கோவிந்தன் தேர்ந்தெடுத்த படத்தில் ஏழுமலை சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். மாலையை வைத்தேன். இடது பக்கத்தில் பெயர் அடித்தேன், தோற்றம் அடித்தேன். மறைவு என்று அடித்துவிட்டுக் கையை நிறுத்தினேன்.

"தேதி சொல்லுங்க."

கோவிந்தன் வாயைத் திறந்தார். அது சொந்தக்காரர் வாயால் சொல்ல வேண்டியது, நான் காத்திருந்தேன். ஓடைக்குப் போன தேதி அவருக்கு நன்றாகத் தெரியும். திரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மல்லிகாவின் நெற்றியைப் பார்த்தார்.

"மூடுங்க" என்றார். "காரியம் வேணாம். நான் போயி பெரியவங்ககிட்ட சொல்லிக்கறேன்."

மல்லிகா அழவில்லை. "டீ வாங்கியாரட்டாண்ணா? காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க" என்றார்.

போலீஸிலும் சொன்னார்கள். போன் ஏதோ ஒரு டவரில் பட்டதாகவும், மலையில் ஒரு டவர் பல ஊருக்கு எட்டும் என்பதால் இடம் சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டார்களாம். அதற்கு மேல் நகரவில்லை. அதன்பின் பல மாதம் ஒரு படமும் வரவில்லை. மல்லிகா காதுகுத்து, பிறந்தநாள் எல்லாம் தானே எடுக்கக் கற்றுக்கொண்டார். அந்தப் படங்களை டி-யில்தான் போடுவார். சி-யில் எதையும் வைக்கமாட்டார்.

அடுத்த வருடம் தூசி ஊதப் போயிருந்தேன். வழக்கம்போலச் சி-யின் கோட்டைப் பார்த்தேன். நான் விட்டுவிட்டு வந்த அளவைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"தெரியும்ண்ணா" என்றார் மல்லிகா. "தெனம் காலையில கடை தொறந்ததும் அந்தக் கோட்ட மட்டும் பாப்பேன்."

"படத்தத் தொறந்து பாக்கலியாம்மா?"

"அன்னிக்குப் பாத்தோம். பேரச் சொல்லிக்கினு தொரத்திக்கினு ஓடனோம். நின்னுடுச்சு. இனிமே பாக்க மாட்டேன். வரட்டும்."

எடுப்பது யார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நெற்றியில் பொட்டு இருந்தது.

ஆகவே இனி அங்கே போகிறவருக்கு இவ்வளவுதான். தூசியை ஊதுங்கள், யூபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள். தானாகக் காலி செய்யும் வசதி அணைந்தே இருக்கட்டும். விண்டோஸ் புதுப்பித்துக்கொண்டால் அது மறுபடி முளைக்கும், அதை முதலில் பாருங்கள். அந்தப் பச்சைக் கட்டத்தைத் திறக்காதீர்கள். அந்த அம்மா வாயால் சொன்னால் ஒழிய அதில் ஒன்றும் போகக் கூடாது. கோடு சிவக்க ஆரம்பித்தால் புது டிஸ்க் போட்டு இடம் கூட்டிக்கொடுங்கள்.

இன்னொன்று. கடைசியாக நான் போனபோதும் தூறல்தான். பஸ் போன பிறகு தெருவில் நான் மட்டும் நின்றேன். பையைத் தலைக்கு மேல் பிடிக்கவில்லை, முகம் தெரியட்டும் என்று தோளிலேயே விட்டிருந்தேன். எந்தப் பக்கமிருந்து எடுப்பார் என்று எனக்குத் தெரியாது. அதனால் இரண்டு பக்கமும் இடம் விட்டு, நடுத்தெருவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கடைக்குள் போனேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஓடாதீர்கள்.